மலையைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தால் என் ஆடுகள் எங்கே மேயும்? வழக்கறிஞர் பதில்

மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து, ஊர்ப்பெயர் போடவேண்டாம் என்ற வேண்டுகோளோடு, ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன்.

வயது 46. ஊரை ஒட்டி ஒரு சின்ன மலை, மலையடியில் அய்யனார் கோயில் காடு, அதற்குக் கீழே கண்மாய். மலைக்குமேல் ஒரு குகைத்தளத்தில் சமணர் படுக்கை இருக்கிறது. மலைக்கும் கண்மாய்க்கும் நடுவில் இவருக்கும் இவர் தம்பிக்கும் கூட்டுப் பட்டாவில் 2 ஏக்கர் 30 சென்ட் மானாவாரி நிலம். அப்பா 2019ல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இவருடன் இருக்கிறார், அக்காவைப் பக்கத்து மாவட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தம்பி திருப்பூரில் வேலை. இவரிடம் 38 ஆடுகள், அவைதான் வருமானம்.

இப்போது மலை, கோயில் காடு, கண்மாய் மூன்றையும் சேர்த்துப் 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்', அதாவது உயிரின வளத்துக்காகக் காக்கவேண்டிய இடம், என்று அரசு அறிவிக்கப்போவதாகவும், அடுத்த கிராமசபையில் அதற்குத் தீர்மானம் வைக்கப்போவதாகவும் ஊரில் பேச்சு. "கையெழுத்துப் போட்டால் எல்லாம் ஃபாரஸ்ட்காரன் கைக்குப் போயிடும், ஆடு மலையேறினால் கேஸ்" என்கிறார்கள் ஒரு பக்கம். "போட்டால்தான் குவாரி வராது" என்கிறார்கள் இன்னொரு பக்கம். இதற்கு நடுவில் தம்பி தன் பங்கை ஒரு கிரஷர்காரருக்கு விற்க வெள்ளைத்தாளில் எழுதி 3 லட்சம் அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம். "என் நிலம் போய்விடுமா? ஆடு மேய்க்கலாமா? இனி நிலத்துக்கு விலை இருக்குமா? நான் எதிர்த்துப் பேசினால் அய்யனாருக்குத் துரோகம் செய்தவன் ஆவேனா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும் என்று தோன்றியது. சந்தேகம் கேட்பது துரோகம் இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமே, 37வது பிரிவில், உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டுதான் மாநில அரசு ஒரு இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கவேண்டும் என்கிறது. கலந்துகொள்வது என்றால் உங்களைப் போன்றவர் எழுந்து கேட்பதுதானே. நீங்கள் கேட்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டால்தான் தவறு.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஊரில் இரண்டு தரப்பும் சொல்வதில் பாதிதான் சரி. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு உங்கள் ஆட்டைப் பிடுங்குவதும் இல்லை, தானாகவே மலையைக் காப்பாற்றுவதும் இல்லை. எந்தப் புல எண்கள் அதில் சேருகின்றன, எந்தெந்த வழக்கங்கள் அதில் எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அது உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்லமுடியும். அதை எழுதும் நேரம் இப்போதுதான். அரசிதழில் வந்த பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

நிலம் யாருடையது, யாருடையதாகவே இருக்கும்

'ஃபாரஸ்ட்காரன் கைக்குப் போயிடும்' என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்பவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அங்கே உள்ளே போவதற்கே கட்டுப்பாடு உண்டு, மக்களின் உரிமைகளைக் கணக்கெடுத்துத் தீர்வு செய்யும் நடைமுறை உண்டு, மீறினால் வழக்கும் உண்டு. தேனிப் பக்கம் மலைமாடு வளர்ப்பவர்கள் படும் பாட்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டு, முதலில் எல்லாக் காடுகளுக்கும் என்றிருந்ததைப் பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்தது. அந்தச் செய்திதான் ஊர் ஊராகப் போய், காது மாறி மாறி, உங்கள் ஊர் டீக்கடையில் 'ஆடு மலையேறினால் கேஸ்' என்று வந்து நிற்கிறது.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் வேறு சட்டம், வேறு சங்கதி. 37வது பிரிவின் மூன்று உட்பிரிவுகளையும் தேடிப் பாருங்கள், நில உரிமை கைமாறும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அறிவித்த மறுநாளும் பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும், சிட்டாவும் அடங்கலும் அப்படியேதான் இருக்கும். அரசுக்கு உங்கள் நிலம் வேண்டுமென்றால் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து, இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்கமுடியும். சட்டத்தின் வழியாக அல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ பிரிவே சொல்கிறது.

ஆனால் இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். அறிவிப்போடு வரும் அட்டவணையில் புல எண்கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் பாறைப் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு, மேய்க்கால், கோயில் நிலம் இவைதான் வரும். உங்கள் பட்டா எண்ணோ அதன் உட்பிரிவோ தெரிந்தோ தெரியாமலோ உள்ளே போயிருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். மலையும் கண்மாயும் தலத்துக்குள், நடுவில் உங்கள் நிலம் மட்டும் வெளியே என்றால் வரைபடத்தில் அது ஓட்டை மாதிரித் தெரியும், கோடு போடுகிறவர் கை அதையும் சேர்த்து இழுத்துவிடப் பார்க்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் இதுபோன்ற கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். சாவடியில் மேசை போட்டு ஒருவர் புல எண்களை மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போனார், எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "சுடுகாட்டுக்குப் போற பாதை எந்த நம்பர்ல வருது?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. புலப்படத்தைத் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல்லை வைத்து, எல்லோரும் குனிந்து பார்த்தால் அந்தப் பாதை ஒரு புள்ளிக்கோடாக, படிக்கப்பட்ட எண்களில் ஒன்றுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அங்கேயே ஒரு வரி சேர்த்து எழுதினார்கள், 'இந்தப் பாதையின் பயன்பாட்டுக்குத் தடையில்லை' என்று. அந்தப் பாட்டி கேட்காவிட்டால் அந்த வரி இல்லை.

நீங்களும் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைக் கணக்கு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கிறது. வரைவு அட்டவணை, வரைபடம், உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு போட்ட தீர்மானம், மக்கள் பல்லுயிர் பதிவேடு (ஊரின் உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்ததையும் குறித்துவைக்கும் ஏடு) இந்த நான்கின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மாநிலப் பல்லுயிர் வாரியத்திடமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திடமும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். 'எங்கள் ஊரில் அப்படி ஒரு குழுவே இல்லையே' என்பீர்கள். ஒவ்வொரு உள்ளாட்சியும் அந்தக் குழுவை அமைத்தே ஆகவேண்டும் என்பது அதே சட்டத்தின் 41வது பிரிவு. பல ஊர்களில் அது காகிதத்தில் இருக்கும், அதில் உறுப்பினர் என்று பெயர் போட்டிருப்பவருக்கே தெரியாது. உங்கள் ஊரில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், ஆடு மாடு வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லையென்றால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

ஆடு, மாடு, கண்மாய் மண்

தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. பாரம்பரியத் தலம் அறிவிப்பதால் உள்ளூர் மக்களின் நடப்பில் உள்ள பழக்கவழக்கங்களுக்கும் பயன்பாட்டுக்கும் கட்டுப்பாடு வரக்கூடாது, அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்டவை மட்டும் விதிவிலக்கு. உங்கள் ஆட்டுக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைக்காது. இதைத் தமிழில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. இது அந்த மலை வருவாய்த் துறைப் புறம்போக்காக இருந்தால் பொருந்தும். மலையின் ஒரு பகுதி ஏற்கெனவே காப்புக்காடாக இருந்தால் அங்கே வனச்சட்டத்தின் கட்டுப்பாடு முன்பிருந்தே இருக்கிறது, புதிய அறிவிப்பு அதைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. 'இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே' என்பது வேறு, சட்டப்படி உரிமை இருக்கிறது என்பது வேறு. 'அ' பதிவேட்டில் வகைப்பாடு என்ன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம், 'நடப்பில் உள்ள பழக்கவழக்கங்கள் தொடரும்' என்று மொட்டையாக ஒரு வரி போட்டுத் தீர்மானத்தை முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். பத்து வருஷம் கழித்து வேறொரு அதிகாரி வந்து 'எது நடப்பு வழக்கம், எங்கே எழுதியிருக்கிறது?' என்று கேட்டால் அந்த வரி நிற்காது. பெயர் சொல்லி எழுதவேண்டும். மலையின் எந்தச் சரிவில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை மேய்ச்சல். கண்மாயில் வயலுக்கு வண்டல் எடுப்பது. ஆயக்கட்டுப் பாசனம், மடை திறப்பது, கரையைப் பழுது பார்ப்பது. தண்ணீர் வற்றும்போது ஊர்கூடி மீன்பிடிக்கும் நாள். மஞ்சுவிரட்டு நடக்கும் பொட்டல். சீமைக்கருவேலத்தை விறகுக்கு வெட்டுவது, அதை வெட்டினால் மலைக்கும் நல்லதுதான். எல்லாவற்றையும்விட, உங்கள் கடிதத்தில் ஓரமாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, புரவி எடுப்புக்கு வேளார் கண்மாயில் மண் எடுத்து அய்யனாருக்குக் குதிரை செய்வது, அதை மறக்காமல் எழுதுங்கள். கண்மாயில் பிடிமண் எடுக்க அனுமதி கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் நிலைமை வந்துவிடக்கூடாது. அந்த மண் குதிரைகள் நிற்பதால்தானே அந்தக் காட்டில் இத்தனை காலம் யாரும் ஒரு குச்சியை ஒடிக்கவில்லை.

இன்னொன்றையும் உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 38 ஆடு மலையைத் தின்றுவிடாது, ஆனால் வெளியூர்க் கிடை நானூறு, ஐந்நூறு என்று ஏறினால் கன்று தலையெடுக்காது. 'அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்ட' கட்டுப்பாடு என்று இருக்கிறதே, அதை உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். உள்ளூர் மந்தைக்கு உரிமை, வெளியூர்க் கிடைக்கு ஊர் அனுமதி, மழைக்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு சரிவுக்கு மாற்றி ஒரு சரிவு ஓய்வு என்று நீங்களே முன்மொழிந்தால், வேறு யாரோ உங்களுக்கு விதி எழுதவேண்டிய அவசியம் இருக்காது. ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி இதை முடிவு செய்யுங்கள்.

அறிவிப்பால் யாருக்காவது பிழைப்பு பாதிக்கப்பட்டால்? 37வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, அப்படிப் பொருளாதார ரீதியாகப் பாதிக்கப்படுபவர்களுக்கு இழப்பீடோ மறுவாழ்வோ தருவதற்கு மாநில அரசு திட்டம் வகுக்கவேண்டும் என்கிறது. 'வகுக்கலாம்' என்று இல்லை, 'வேண்டும்' என்று இருக்கிறது. இதையும் தீர்மானத்தில் ஒரு வரியாகக் கேளுங்கள்.

'அறிவித்துவிட்டால் குவாரி வராது' என்பதில் பாதி உண்மை

உங்களுக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது, அங்கே நடந்ததைப் பார்த்தால் புரியும். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.215 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், லகர் வல்லூறும் தேவாங்கும் வாழும் இடம், தமிழ்பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் அங்கே இருக்கின்றன. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று 2015.51 ஹெக்டேரை மத்திய அரசு ஏலம் விட்டு, ஏலம் எடுத்தவர் பெயரையும் அறிவித்துவிட்டது. பாரம்பரியத் தலமும் அந்தத் தொகுதிக்குள் வந்தது. எப்படி என்று கேட்பீர்கள். தலத்தை அறிவித்தது மாநில அரசு. டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் மத்திய அரசுக்கே தனியாகக் கொடுத்துவிட்டது. ஒரு கை போட்ட கோட்டின் மேல் இன்னொரு கை கட்டம் போட்டது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானங்கள், 2024 டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம், டிசம்பர் கடைசியில் 'பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று பார்க்கிறோம்' என்று மத்திய அரசிடமிருந்து வந்த பதில், 'எங்களுக்கு அந்தத் துண்டு மட்டும் போதாது' என்று 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரை நகருக்குள் திரண்டு வந்தது, ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியவை இரண்டு. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை. ஆனால் மக்கள் போராடும்போது கையில் பிடித்துக்கொள்ள அது ஒரு கம்பாக இருந்தது, ரத்து செய்தபோதும் அந்தத் தலமும் பண்பாட்டுச் சின்னங்களும் அங்கே இருப்பதைத்தான் காரணமாகக் காட்டினார்கள். இன்னொன்று, 2015 ஹெக்டேரில் 193 என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மலையின் உச்சியை மட்டும் தலமாக்கிவிட்டு, மழைத்தண்ணீர் ஓடிவரும் சரிவையும் வரத்துக்கால்களையும் விட்டுவிட்டால், நாளைக்கு அந்த மிச்சத்தைக் காட்டித்தான் பேரம் நடக்கும். அதனால் உங்கள் ஊர் வரைவில் வரத்துக்கால் புறம்போக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டுக்காக வரும் நீங்கள் வரத்துக்காலைப் பற்றியும் பேசினால் உங்கள் பேச்சுக்குத் தனி மரியாதை இருக்கும்.

சமணர் படுக்கை இருப்பதால் குவாரிக்கு எப்படியும் அனுமதி கிடைக்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும், சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. மாநிலத் தொல்லியல் துறையின் சின்னமாக இருந்தால் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். இரண்டிலும் இல்லையென்றால், இரண்டாயிரம் வருஷப் பழமை என்பதற்காக மட்டும் எந்தத் தூரக் கணக்கும் தானாக வராது. மேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் கிரானைட்டுக்காக மலைகள் அறுக்கப்பட்டு, 2014ல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராகப் போட்டு விசாரிக்கவேண்டி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பள்ளங்களில் இன்றைக்கும் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமுடியாது, படுக்கை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி அதே கிராமசபையில் இன்னொரு தீர்மானம் போடுங்கள்.

நிலத்தின் விலை பற்றி ஒரு வார்த்தை. பிளாட் போடுபவர், கிரஷர்காரர் ஆகியோர் தரும் விலை குறையலாம், அதை மறைக்க மாட்டேன். விவசாய நிலமாக விற்கவோ வாங்கவோ அடமானம் வைக்கவோ இந்த அறிவிப்பு தடையில்லை. மலை போய், கண்மாய்க்கு வரத்து நின்றுபோனால் உங்கள் மானாவாரி நிலத்தை யார் வாங்குவார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியும் கிரஷர்காரரும்

உண்மையில் உங்களுக்கு இருக்கும் அவசரமான ஆபத்து இதுதான், நீங்களோ இதைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

'நிலம் எங்கள் இரண்டு பேருக்கும்' என்கிறீர்கள். கூட்டுப் பட்டாவில் இரண்டு பெயர் இருப்பதால் அக்காவின் பங்கு இல்லாமல் போய்விடாது. அப்பா சுயமாக வாங்கிய நிலம் என்றால் அம்மா, அக்கா, நீங்கள், தம்பி நான்கு பேருக்கும் சமபங்கு. பூர்வீகம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், அக்காவுக்குப் பங்கு உண்டு என்பது மாறாது. 'கல்யாணத்தின்போதே நகை போட்டுவிட்டோம்' என்பது சட்டத்தில் பதில் ஆகாது. அக்கா பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எதுவும் எழுதிக்கொடுத்திருந்தால்தான் வேறு கதை.

பாகப்பிரிவினை ஆகாத நிலத்தில் தம்பி தன் பிரிக்கப்படாத பங்கை மட்டும்தான் விற்கமுடியும். மலைப்பக்கம் இருக்கும் ஒரு ஏக்கர் என்னுடையது என்று அவராகக் கைகாட்டி விற்கமுடியாது. வாங்கியவரும் நேராக வந்து இயந்திரத்தை இறக்கமுடியாது, நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்டுத்தான் வரவேண்டும். உங்கள் கையில் இன்னொரு உரிமையும் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22வது பிரிவு, உயிலில்லாமல் இறந்தவரின் சொத்தில் ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைத்தால் மற்ற முதல்நிலை வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு என்கிறது. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லிவிட்டது. ஆகவே தம்பிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள், நகலைக் கிரஷர்காரருக்கும் அனுப்புங்கள். நிலம் பாகப்பிரிவினை ஆகவில்லை, வாரிசுகள் நான்கு பேர், தம்பி பங்கை நாங்களே வாங்கத் தயார் என்று மூன்று வரி போதும், வசவு வேண்டாம். தம்பிக்குத் திருப்பூரில் என்ன கஷ்டமோ, 3 லட்சம் எதற்கு வாங்கினார் என்று தபாலுக்கு முன்னால் போனில் கேட்டுவிடுங்கள். ஒருவேளை கடன்தான் பிரச்சினை என்றால் அதற்கு வேறு வழி பார்க்கலாம்.

பட்டா நிலமாகவே இருந்தாலும் கல் வெட்ட ஆட்சியரின் குத்தகை அனுமதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கிடையாது என்பது மாநிலக் கனிம விதி. உங்கள் வீட்டிலிருந்து நிலம் எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டாதாரர் என்ற முறையில் உங்கள் சம்மதம் இல்லை என்று ஆட்சியர் அலுவலகத்துக்கும் கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் இப்போதே ஒரு மனு கொடுத்து வையுங்கள். விண்ணப்பம் வந்த பிறகு ஓடுவதைவிட இது சுலபம்.

கிராமசபையில் என்ன செய்யலாம்

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. முழுசாக எதிர்ப்பது, அப்படியே ஆதரிப்பது, நிபந்தனையோடு ஆதரிப்பது. முதல் வழி கிரஷர்காரருக்குத்தான் உதவும், உங்கள் பெயரைச் சொல்லியே 'ஊர்க்காரர்களே வேண்டாம் என்கிறார்கள்' என்று நாளைக்கு மனு எழுதுவார்கள். இரண்டாவதில் உங்கள் மேய்ச்சல் யாரோ ஒருவர் பின்னால் எழுதப்போகும் மேலாண்மைத் திட்டத்தின் தயவில் போய் நிற்கும். மூன்றாவதுதான் என் யோசனை. திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி வீரகோயில் காடு 2025ல் பாரம்பரியத் தலமானது, வெறும் 4.97 ஹெக்டேர். கோயில் காடு என்ற அடையாளத்தோடேயே ஒரு சின்ன இடம் இந்தச் சட்டத்துக்குள் வரமுடியும் என்பதற்கு அது உதாரணம். முடிந்தால் நான்கைந்து பேர் ஒரு வேன் பிடித்து அங்கேயும் அரிட்டாபட்டிக்கும் போய், ஆடு மேய்ப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். அதிகாரி சொல்வதையும் நான் சொல்வதையும்விட அவர்கள் சொல்வது உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் உங்கள் நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லி ஒரு வாரம் முன்பே ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அன்றைக்கு வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடவேண்டாம், தீர்மானத்தை முழுதாக எழுதி, சத்தமாகப் படித்த பிறகு போடுங்கள். புல எண்கள், வழக்கங்கள், 37வது பிரிவின்படி இழப்பீட்டுத் திட்டம், மேலாண்மைக் குழுவில் ஆடு வளர்ப்போர் சார்பில் ஒருவர், வேளார் சார்பில் ஒருவர். இவை நான்கும் அதில் இருக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரைவு அட்டவணையின் நகல் கிடைத்ததும் உங்கள் புலப்படத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், எண் எண்ணாகப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அக்காவுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். தம்பி எழுதிக்கொடுத்த வெள்ளைத்தாளைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது, அதை வேறு யார் வாய்வழியாகவும் அவர் கேட்கக்கூடாது.